எழுந்து நின்றால் கண்ணைக் கட்டுகிறது: கழுத்து எலும்பா, நரம்பா?

நொய்யல்கரை:
வணக்கங்க எல்லாருக்கும். அப்பா அம்மா காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார்கள், நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். கொஞ்ச காலமாக விடியற்காலையில் பால் கறக்க எழுந்தால் கண்ணைக் கட்டுகிறது, காது அடைக்கிறது, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் தெளிகிறது என்கிறார். போன மாதம் கட்டுத்தரையில் அப்படியே சாய்ந்து புருவத்தில் தையல் போடும்படி ஆகிவிட்டது. தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கழுத்து எக்ஸ்ரேயில் எலும்பு தேய்மானம், நரம்பு அழுந்துகிறது என்று சொல்லி பெல்ட் கொடுத்தார்கள். உட்கார வைத்துப் பார்த்தால் பிரஷர் 150க்குக் குறைவதில்லை, அதனால் பிரஷர் மாத்திரையும் ஒன்று கூடியது, அதற்கப்புறம் நிலைமை இன்னும் மோசம். சொந்தத்தில் ஆளாளுக்கு நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள், பெரியப்பா ஒரு டப்பா லேகியமே கொண்டுவந்து வைத்துவிட்டார். நிஜமாகவே நரம்பால் மயக்கம் வருமா? வந்தால் எந்த டாக்டரைப் பார்ப்பது?

ஊத்துக்குளி வெண்ணெய்:
பெல்ட் மட்டும் போதாதுங்க, தலையணை இல்லாமல் படுக்கச் சொல்லுங்கள். எங்கள் மாமனுக்கும் இதேதான்.

கோபி சிஸ்டர்:
தலையணையை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் தம்பி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், டாக்டர் இல்லை. சில விஷயம் கேட்காமல் எதையும் சொல்ல முடியாது. அப்பாவுக்கு வீடே சுற்றுகிறதா, இல்லை கண் இருட்டி விழப்போகிற மாதிரி வருகிறதா? படுத்துக்கொண்டு புரளும்போது வருகிறதா, எழுந்து நின்றால் மட்டுமா? சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் அதிகமாகிறதா? பாதம் மரத்துப் போயிருக்கிறதா? மலச்சிக்கல், சிறுநீர் சரியாக இறங்காமை, பாதத்தில் வேர்வையே இல்லாமல் சாப்பிடும்போது மட்டும் முகத்தில் கொட்டுவது, இதெல்லாம் உண்டா? என்னென்ன மாத்திரை, எந்தெந்த நேரம்? முக்கியமாக, நிற்க வைத்து யாராவது பிரஷர் பார்த்தார்களா?

நொய்யல்கரை:
அக்கா, கூடவே இருந்து பார்த்த மாதிரி கேட்கிறீர்கள். வீடு சுற்றவில்லை, இருட்டுவதுதான். படுத்துவிட்டால் உடனே சரியாகிவிடும். மத்தியானம் வயிறு நிறைய அரிசிம்பருப்பு சாப்பிட்டுவிட்டு எழுந்தாலும் வருகிறது. பாதம் மரத்து ரொம்ப நாளாச்சு, செருப்பு கழன்றது கூடத் தெரியாது. ராத்திரி நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுவார், அதற்காக பிராஸ்டேட் மாத்திரை டாம்சுலோசின் படுக்கும்போது போடுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஆரம்பத்திலிருந்தே. பிரஷருக்கு இரண்டு, அதில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை. நிற்க வைத்து யாரும் பார்க்கவில்லை.

கரூர் பஸ்பாடி:
எக்ஸ்ரேயில் தேய்மானம் கண்ணுக்குத் தெரிகிறது, டாக்டரும் சொல்லிவிட்டார். அப்புறம் எதற்கு இங்கே வந்து ஆராய்ச்சி? ஆளாளுக்கு மருத்துவம் சொல்லித்தான் பாதிப் பேர் கெட்டுப்போகிறார்கள்.

கோபி சிஸ்டர்:
கரூர்க்காரரே, உங்கள் கோபம் நியாயம்தான், மாத்திரையை நிறுத்து என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அறுபது தாண்டிய யாரைக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்தாலும் பெரும்பாலும் கழுத்து எலும்பில் தேய்மானம் தெரியும், ஏர் ஓட்டியவருக்கும் கல்லாவில் உட்கார்ந்தவருக்கும் தெரியும். கழுத்தில் நரம்பு அழுந்தினால் கை வலிக்கும், விரல் மரக்கும், பிடி தளரும். எழுந்து நின்றவுடன் கண் இருட்டி விழுவதற்கு அது காரணம் என்று சொல்வது பெரும்பாலும் பொருந்தாது.

இன்னொன்று, நின்றால் பிரஷர் விழுகிற ஆட்களுக்குப் பிடரியிலிருந்து இரண்டு தோள்பட்டை வரைக்கும் ஒரு வலி வரும், அந்தச் சதைக்கு ரத்தம் போதாமல் வருவது. படுத்தால் விட்டுவிடும். அந்த வலியைச் சொன்னவுடனேயே கழுத்துக்குப் படம் எழுதிவிடுகிறார்கள். அப்பாவுக்கு அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும், எல்லாருக்கும்தான். கழுத்தில் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் வளைவிலும் அழுத்தத்தைக் கவனிக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை மூளைத் தண்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து வரும் நரம்புகள் கால், வயிற்று ரத்தக்குழாய்களை இறுக்கிவிடும், இதயமும் கொஞ்சம் வேகமாக அடிக்கும். சில விநாடியில் முடிகிற வேலை, நமக்குத் தெரியவே தெரியாது. இந்த நரம்புகள் நம் சொல்பேச்சு கேட்காமல் தானாக இயங்குபவை. வேர்வை, குடல், சிறுநீர்ப்பை, ஆண்மை எல்லாம் இதே கூட்டம்தான். சர்க்கரை பல வருடம் இருந்தால் மெல்லிய நரம்பிழைகள் முதலில் அடிபடும், பாதம் மரப்பது வெளியே தெரிகிறது, உள்ளே இது நடப்பது தெரிவதில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரும் நன்றாக ஓடுகிறது, ஆனால் வால்வைத் திருக ஆளில்லாமல் மேட்டுக்காட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் எப்படி, அப்படித்தான் தலைக்கு ரத்தம் ஏறாமல் போகிறது. இதற்குத் தலை ஸ்கேனில் ஒன்றும் தெரியாது, இசிஜியிலும் பெரிதாகத் தெரியாது.

நொய்யல்கரை:
பிடரி வலி இருக்கிறதுங்க அக்கா, அதைச் சொல்லித்தான் எக்ஸ்ரேயே எடுத்தது. ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை, பிரஷர் குறைந்து மயக்கம் வருகிறது என்றால், பார்க்கும்போதெல்லாம் 150, 160 என்று அதிகமாக அல்லவா காட்டுகிறது?

பெருந்துறை மாணவன்:
அண்ணா, இதற்கு நான் சொல்லட்டுமா, மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறேன். அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதே நரம்புகளின் வேலை. அவை பழுதானால் நின்றால் விழும், படுத்தால் ஏறிவிடும். இரவு முழுக்க படுத்திருக்கும்போது அழுத்தம் கூடுதலாக இருப்பதால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் அப்பா நாலைந்து தடவை எழுவதற்கு பிராஸ்டேட் மட்டும் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். விடியும்போது உடம்பில் நீர் குறைந்துவிடும், அதனால் பால் கறக்கிற நேரம்தான் நாளிலேயே மோசமான நேரம். டாம்சுலோசின் பிராஸ்டேட் பக்கத்துத் தசையைத் தளர்த்துவது, சிலருக்கு ரத்தக்குழாயையும் சேர்த்துத் தளர்த்திவிடும். அதற்கு மேல் நீர் பிரியும் மாத்திரை. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் முழுப் பட்டியலையும் ஒரே டாக்டர் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு ஒருவர், சிறுநீருக்கு ஒருவர், பிரஷருக்கு ஒருவர் என்று மூன்று சீட்டு இருந்தால் மூன்றையும் கொண்டுபோங்கள்.

கோபி சிஸ்டர்:
நன்றாகச் சொன்னாய் கண்ணு. வீட்டிலேயே அளந்து பாருங்கள் தம்பி, மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின் போதும். ஐந்து நிமிடம் அமைதியாகப் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை. நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும், நெஞ்சு உயரத்துக்குக் கையைத் தாங்கிப் பிடியுங்கள். நாடித்துடிப்பையும் எழுதுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கணக்கில் எடுக்க வேண்டியது, படுத்திருக்கும்போதே பிரஷர் அதிகம் என்றால் மேல் அளவில் 30 குறைகிறதா என்று பார்ப்பார்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், பின்னால் கட்டில் இருக்க வேண்டும், கண் இருட்டினால் உடனே படுக்க வைத்துவிடுங்கள். விடியற்காலையில் ஒருநாள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒருநாள்.

பல்லடம் தறி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். என் சம்சாரத்துக்கு வேறு மாதிரி. படுக்கையில் வலது பக்கம் புரண்டால் ஓடெல்லாம் கிறுகிறுவென்று சுற்றும், அரை நிமிடத்தில் நின்றுவிடும், வாந்தி வரும். நின்றால் ஒன்றும் இல்லை. இதுவும் நரம்பா?

பெருந்துறை மாணவன்:
நீங்கள் சொல்வது காது சமாச்சாரமாக இருக்க வாய்ப்பு அதிகம் அண்ணா. உள்காதில் சின்னச் சின்ன சுண்ணாம்புத் துகள்கள் உண்டு, அவை இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி அடங்கும். எப்லி என்று ஒரு முறை இருக்கிறது, தலையை வரிசையாகத் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோவது, காது மூக்கு தொண்டை டாக்டர் செய்வார், பலருக்கு ஒரே தடவையில் சரியாகும். மாதக்கணக்கில் தலைசுற்று மாத்திரை போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அசையாமல் இருந்தாலும் நாள் முழுக்க விடாமல் சுற்றி, நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளினால் அது சமநிலைக்கான நரம்பில் வீக்கமாக இருக்கலாம். அதோடு பேச்சுக் குழறல், பொருள் இரண்டாகத் தெரிவது, முகம் கோணுவது, நிற்கவே முடியாமை என்று எது சேர்ந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம், 108க்குக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

நாமக்கல் டீச்சர்:
எங்கள் பள்ளியில் பிரேயரில் நிற்கும்போது பெண்பிள்ளைகள் மயங்கி விழுவது வாடிக்கை. காலையில் சாப்பிடவில்லை என்று திட்டுவோம். போன வாரம் ஒரு பிள்ளை விழுந்து கைகால் லேசாக வெட்டியது, ஆயாம்மா ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். வலிப்பு என்று ஊரெல்லாம் பேச்சு, பிள்ளையின் அம்மா அழுகிறார்.

கோபி சிஸ்டர்:
அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள் டீச்சர், சாதாரண மயக்கத்திலும் மூளைக்கு ரத்தம் குறைந்த அந்தச் சில விநாடியில் கைகால் இரண்டு மூன்று வெட்டு வெட்டும், அதை வைத்து மட்டும் வலிப்பு என்று முத்திரை குத்தக்கூடாது. விழும் முன் முகம் வெளுத்து, வேர்த்து, குமட்டி, பார்வை மங்கி, விழுந்தபின் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து எல்லாரையும் அடையாளம் தெரிந்தால் மயக்கம்தான் பெரும்பாலும். நாக்கின் பக்கவாட்டைக் கடித்திருந்தால், எழுந்தபின் வெகுநேரம் குழம்பியிருந்தால் வலிப்பை நினைக்க வேண்டும். சாவியால் எதற்குமே பயன் இல்லை.

இது நரம்பு சேதம் இல்லை, ஆனால் நரம்பு வழியாக நடப்பது. நீண்ட நேரம் நிற்பது, புழுக்கம், ரத்தம் பார்ப்பது, ஊசி, கடும் வலி, இதில் ஏதோ ஒன்று தூண்டினால் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதை மெதுவாக்கும், குழாய்களை இறுக்கும் நரம்புகள் அந்த நேரம் பார்த்துக் கையை விட்டுவிடும். விழுந்த பிள்ளையை இரண்டு பேர் தோளைப் பிடித்து நிறுத்துவதும் நாற்காலியில் உட்கார வைப்பதும்தான் நாம் செய்கிற பெரிய தப்பு. தரையில் கிடத்திக் காலைத் தூக்கிப் பிடியுங்கள், நினைவு வரும்முன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வரப்போகிறது என்று தெரிந்தால் காலைப் பின்னிக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்குவது, இரண்டு கைவிரலையும் கோர்த்து இழுப்பது, குத்தவைத்து உட்கார்ந்துவிடுவது, இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு பீரியடில் சொல்லிக்கொடுங்கள்.

ஓடும்போது மயங்கினால், முன்னறிகுறியே இல்லாமல் விழுந்தால், குடும்பத்தில் சின்ன வயதில் திடீர்ச் சாவு இருந்தால், அது இதயமாக இருக்கலாம். அதில் தாமதம் கூடாது.

ஈரோட்டுக்காரி:
என் தங்கைக்கு 22 வயது, பிரஷர் விழவில்லை, ஆனால் நின்றால் நெஞ்சு படபடவென்று அடித்துத் தலை கிறுகிறுக்கிறது. பயத்தால் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் வேறொரு டாக்டர் பத்து நிமிடம் நிற்க வைத்துத் துடிப்பைப் பார்த்தார், 74 இல் இருந்து 118க்குப் போனது. பெரியவர்களுக்கு 30க்கு மேல் ஏறி, மாதக்கணக்கில் இப்படியே இருந்தால் அதுவும் இந்தத் தானியங்கி நரம்புகளின் கோளாறு என்றார், இளம்பெண்களுக்குத்தான் அதிகமாம். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். தண்ணீர், உப்பு, படுத்துக்கொண்டும் உட்கார்ந்துகொண்டும் செய்யும் உடற்பயிற்சி, இப்போது பரவாயில்லை.

மஞ்சக்காடு:
அந்தியூர்ப் பக்கத்திலிருந்து. மஞ்சளுக்கு மருந்தடித்துவிட்டு வந்து மயக்கம் வந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை பூச்சிமருந்து நரம்புச் செய்தி நிற்க விடாமல் செய்வது, வேர்த்துக் கொட்டும், எச்சில் ஒழுகும், கண்பாவை சுருங்கும், துடிப்பு மெதுவாகும், மூச்சுத் திணறும். துணியைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருந்து பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மோர் கொடுத்துப் படுக்க வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

கரூர் பஸ்பாடி:
சரி, ஒரு கேள்வி. காலையில் சவரம் பண்ணும்போது கழுத்தைத் திருப்பினால் எனக்கே ஒரு மாதிரி இருட்டுகிறது. அது கழுத்து எலும்புதானே?

பெருந்துறை மாணவன்:
நீங்களே உள்ளே வந்துவிட்டீர்கள் அண்ணா! சவரம், இறுக்கமான காலர், சட்டென்று திரும்புவது, இதில் வந்தால் கழுத்து ரத்தக்குழாயிலுள்ள அந்த நரம்பு முனை அளவுக்கு மீறி உணர்வதாக இருக்கலாம், ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு வருவது, இதயத்துடிப்பையே சில விநாடி நிறுத்தும். இதய டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களே அழுத்திப் பார்க்க வேண்டாம்.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நன்றிங்க. அளந்துவிட்டோம். விடியற்காலை படுத்திருக்கும்போது 158/90, துடிப்பு 84. நின்று ஒரு நிமிடத்தில் 124/76. மூன்றாம் நிமிடத்தில் 112/70, துடிப்பு 88. அதற்குமேல் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அம்மா பயந்துவிட்டார், மெஷின் கெட்டுவிட்டது என்று என் கையில் கட்டிப் பார்த்தார்.

பெருந்துறை மாணவன்:
துடிப்பைப் பாருங்கள் அண்ணா, அதுதான் முக்கியம். பிரஷர் 46 விழுந்தும் துடிப்பு 4தான் ஏறியிருக்கிறது. வெறும் நீர்க்குறைவு என்றால் இதயம் தடதடவென்று அடித்து ஈடுகட்டப் பார்க்கும். விழுந்த ஒவ்வொரு அளவுக்கும் அரைத் துடிப்பாவது ஏறாவிட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும், அதாவது இங்கே 23 ஆவது ஏறியிருக்க வேண்டும். துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எதுவும் பட்டியலில் இல்லையே? இல்லையென்றால் இந்தத் தாளோடு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். நடை மெதுவாவது, வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கை காலை ஓங்குவது இருந்தாலும் சொல்லுங்கள், பார்க்கின்சன் வகை நோய்களிலும் இதே மாதிரி விழும், கைநடுக்கத்துக்கு முன்பே கூட. வைட்டமின் பி12 அளவும் பார்க்கச் சொல்லுங்கள், மெட்ஃபார்மின் பல வருடம் போட்டால் அது குறையலாம், குறைந்தால் நரம்பு இன்னும் கெடும்.

கோபி சிஸ்டர்:
போவதற்குள் இரண்டு எச்சரிக்கை. மயக்கம் வரும்போது சர்க்கரையையும் குத்திப் பாருங்கள், இந்த நரம்பு கெட்டவர்களுக்கு 70க்குக் கீழே போனாலும் படபடப்பு, வேர்வை வராமல் போகலாம், தாழ்ந்தது தெரியாமலே நினைவு தப்பலாம். மாரடைப்பே வலியில்லாமல் வரலாம், திடீர் மூச்சுவாங்கல், காரணமில்லாத களைப்பு என்றால் இசிஜி எடுங்கள். லேகியத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் பார்க்காமல் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

நொய்யல்கரை:
கோவையில் நரம்பியல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். எழுதிக்கொண்டுபோன தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவரே மறுபடி நிற்க வைத்து அளந்தார். இசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் எடுத்தார்கள். சர்க்கரையால் வந்த தானியங்கி நரம்பு பாதிப்பு என்றார். பி12 ரொம்பக் குறைவு, ஊசி ஆரம்பித்திருக்கிறது. புதிதாகக் கூட்டிய பிரஷர் மாத்திரையை நிறுத்தி, நீர் மாத்திரையை எடுத்து, பிராஸ்டேட் மாத்திரையை சிறுநீர் டாக்டரிடம் பேசி மாற்றச் சொல்லிவிட்டார். தேவைப்பட்டால் பிரஷரை ஏற்றும் மிடோட்ரின் மாத்திரை தருவாராம், அதைப் படுப்பதற்கு நாலு மணி நேரத்துக்குள் போடக்கூடாதாம், படுத்தால் பிரஷர் எகிறிவிடும்.

கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு இரண்டு செங்கல் வைத்தாயிற்று, தலையணையை மட்டும் உயர்த்தினால் போதாது, கட்டிலே சாய்வாக இருக்க வேண்டும் என்றார். எழும்முன் படுக்கையிலேயே பாதத்தை ஆட்டி, உட்கார்ந்து, இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்து, கொஞ்சம் பொறுத்துத்தான் நிற்பது. அந்தத் தண்ணீர் செய்கிற வேலை எனக்கே ஆச்சரியம், அரை லிட்டர் வேகமாகக் குடித்தால் இந்த மாதிரி ஆட்களுக்குச் சில நிமிடத்தில் பிரஷர் ஏறுமாம், மெஷினில் நானே பார்த்தேன். சாப்பாட்டை நாலாகப் பிரித்துச் சோற்றைக் குறைத்தாயிற்று, சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குப் போய்விடுகிறதாம். உப்பைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார், சிறுநீரகமும் இதயமும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான். ராத்திரி சிறுநீருக்கு உட்கார்ந்தே போகச் சொன்னார், ஆண்கள் நின்று போகும்போது விழுவது சகஜமாம். சுடுதண்ணீர்க் குளியல் கிடையாது. முழுக்கக் குணமாகாது, விழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

இப்போது பிரச்சனை வேறு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வருவேன் என்று நிற்கிறார். எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு வருடம் கூட விட்டதில்லை.

ஊத்துக்குளி வெண்ணெய்:
முருகன் பார்த்துக்கொள்வாருங்க, கூட்டிட்டுப் போங்க.

கோபி சிஸ்டர்:
முருகன் பார்ப்பார், பின்னால் வேனும் வரட்டும். நடக்கும்போது கால் சதை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், ஆபத்து நின்றுவிடும் இடத்தில்தான். வெயிலில் நடந்து சட்டென்று நிற்பது, அன்னதானத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டு எழுவது, மலையில் வரிசையில் மணிக்கணக்காக நிற்பது. பாதம் மரத்தவர் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்து புண்ணாவதும் தெரியாது, அதைத்தான் நான் மயக்கத்தைவிடப் பயப்படுவேன். டாக்டர் சரி என்றால் கடைசிக் கொஞ்ச தூரம் செருப்போடு, அதிகாலையில், மடக்கு நாற்காலி ஒன்று கையோடு.

பல்லடம் தறி:
சம்சாரத்துக்கு அந்தத் தலை திருப்பும் வைத்தியம் செய்தாயிற்று, புரண்டு படுக்கிறாள், சுற்றவில்லை. தம்பிக்கு ஒரு கும்பிடு.

நாமக்கல் டீச்சர்:
நொய்யல்கரைத் தம்பி, காலுக்கு இறுக்கமான உறை போடச் சொல்வார்களே, அது கொடுத்தார்களா? எங்கள் அத்தைக்கு வாங்க வேண்டும்.

நொய்யல்கரை:
கொடுத்தார்கள் டீச்சர், இந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போக முடியாது என்று அப்பா தூக்கிப் போட்டுவிட்டார். முழங்கால் வரை போடுவதைவிட வயிற்றைச் சுற்றி இறுக்கும் பட்டை நன்றாக வேலை செய்யும் என்று டாக்டரே சொன்னார், வயிற்றில்தான் ரத்தம் அதிகம் தேங்குகிறதாம். அதைப் பச்சை வேட்டி பெல்ட்டுக்கு உள்ளே கட்டிக்கொள்கிறார். எழும்முன் கட்டி, படுக்கும்போது அவிழ்க்க வேண்டும், அளவு எடுத்துத்தான் வாங்குங்கள்.